பன்னிரண்டு மணி வாளி

என்னை எடை போட்ட அன்றைக்குத்தான், ஒரு மனுஷியைத் தூக்கிக் கொக்கியில் மாட்டிவிடலாமா என்று எனக்கு முதன்முதலாகத் தோன்றியது.

சும்மா சொல்லவில்லை. கொக்கி என் கையில்தான் இருக்கிறது. பதினெட்டு மாடிக் கட்டடம் எழும்பிக்கொண்டிருந்த இடத்தில், அதைவிட உயரமான கிரேனின் உச்சியில், கண்ணாடி போட்ட ஒரு கேபினில் உட்கார்ந்து பாரம் தூக்குகிறவள் நான். கீழே வேலை செய்யும் நாற்பது பேருக்கும் நான் மேலக்கா. அஸ்திவாரத்துக்குக் கம்பி இறக்கியது நான். ஒவ்வொரு மாடிக்கும் கான்கிரீட் தொட்டியைத் தூக்கிக் கொடுத்ததும் நான்தான். அந்தக் கட்டடம் நான் வளர்த்த பிள்ளை என்று சொன்னால் அதில் பொய் இல்லை.

அன்று காலை ஏணியில் கால் வைக்கப் போனபோது, புதிதாக வந்த பாதுகாப்பு அதிகாரி குறுக்கே நின்றாள். இருபத்தெட்டு வயதிருக்கும். எதைக் கண்டாலும் அளந்து பார்ப்பாள் என்பதால், வந்த மூன்றாம் நாளே அவளுக்கு அளவுகோல் என்று பெயர் வைத்துவிட்டார்கள். அவள் காலடியில் ஒரு எடை மெஷின் இருந்தது.

“ஏறுங்க அக்கா.”

“ஏணியில ஏறத்தான் வந்தேன்.”

“முதல்ல இதுல.”

பூட்ஸ், பெல்ட், ஹெல்மெட் எல்லாவற்றோடும் ஏறினேன். நூற்றுப் பன்னிரண்டு என்றது மெஷின். நாற்பது பேரில் பாதிப் பேர் அந்த நேரம் பார்த்து அங்கேதான் நின்றார்கள்.

விஷயம் இதுதான். கேபினில் மீட்புக் கயிறு என்று ஒன்று இருக்கிறது. மேலே தீப்பிடித்தால், ஏணியில் இறங்க வழியில்லாமல் போனால், அதை உடம்பில் மாட்டிக்கொண்டு ஜன்னல் வழியாக இறங்கிவிடலாம். கயிற்றை மெல்ல விடுகிற சக்கரம் தாங்குவது நூறு கிலோ. அதற்கு மேல் இருக்கிற ஆள் இறங்க மாட்டார், விழுவார்.

“இத்தனை வருஷத்துல அந்தக் கயிறு என்னை ஒரு வார்த்தை கேட்டதில்ல,” என்றேன்.

“கேட்கிற அன்னைக்குப் பதில் சொல்ல நீங்க இருக்க மாட்டீங்க.”

“பெரிய சக்கரமா வாங்கித் தொலைங்களேன்.”

“வேற ஒரு இடத்துலேர்ந்து இரவல் வாங்கி நேத்தே மாட்டிட்டேன். பன்னிரண்டு வாரத்துல திருப்பிக் கொடுக்கணும். அதுக்கப்புறம் பழைய சக்கரம்தான். நூறுக்கு மேல இருந்தா உங்களை மேல ஏத்த மாட்டேன். ஆளுங்க ஏறி இறங்குற லிஃப்ட்ல பொத்தான் அழுத்துற வேலை தரச் சொல்லியிருக்கேன்.”

பன்னிரண்டாவது வாரத்தில் என்ன நடக்கப்போகிறது என்பது அங்கே எல்லோருக்கும் தெரியும். கட்டடத்தின் கடைசி உத்தரம் அந்த வாரம்தான் மேலே ஏறுகிறது. சிவப்புச் சாயம் பூசிய இரும்பு உத்தரம். முதல் கம்பியை இறக்கிய கை என்னுடையது. கடைசி உத்தரத்தை வேறொருத்தர் தூக்க, நான் லிஃப்டில் பொத்தான் அழுத்திக்கொண்டு நிற்பதா? அன்று ஏணியில் ஏறி முடிக்கும் வரை அவளைத் திட்டிக்கொண்டே போனேன். எழுபது மீட்டர் ஏணி. திட்டுவதற்கு நேரம் தாராளமாக இருந்தது.

இந்த உடம்பு எப்படி வந்தது என்று சொல்ல வேண்டும். எல்லாம் அந்த வாளியால் வந்தது. பத்து மணி நேரம் உட்கார்ந்தே இருக்கிற வேலை. நினைத்தபோது இறங்க முடியாது. அதனால் கேபினிலிருந்து ஒரு கயிற்றில் வாளியை இறக்குவேன். கீழே எனக்குச் சைகை காட்டுகிறவன் என் உடன்பிறந்த தம்பி. ஆளுக்குப் பெயரே சைகைதான். அவன் வாளியில் எதையாவது போட்டு அனுப்புவான். சர்க்கரை தூக்கலாக டீ, பன், பொரித்தது, வறுத்தது. ஒரு நாளைக்கு ஆறு தடவை வாளி இறங்கும். ஆறு தடவையும் காலியாக ஏறியதில்லை.

முதலுதவி அறை நர்ஸிடம் போனேன். என் வயசுக்காரி. ரத்த அழுத்தம், சர்க்கரை எல்லாம் பார்த்துவிட்டு, “சர்க்கரை நோயோட வாசப்படி வரைக்கும் வந்துட்ட, இன்னும் உள்ள போகல,” என்றாள். அவள் போட்ட கணக்கு இது. ராத்திரி எட்டு மணிக்குச் சாப்பாட்டை முடித்தால் மறுநாள் பன்னிரண்டு வரை தண்ணீரும் சர்க்கரை போடாத கறுப்புக் காப்பியும் மட்டும். பன்னிரண்டிலிருந்து எட்டுக்குள் சாப்பிட வேண்டியதைச் சாப்பிட வேண்டும். தட்டில் பாதி காய்கறி. முட்டை, பயறு ஏதாவது ஒன்று கட்டாயம். வாளியில் பொரித்தது ஏறக் கூடாது.

“ஒரே நாள்ல பதினாறு மணி நேரம் வேணாம். முதல் வாரம் பன்னிரண்டு, அடுத்த வாரம் பதினாலு, அப்புறம் பதினாறு. தண்ணி நிறையக் குடி. தலை சுத்தினா மணி பார்க்காம சாப்பிடு. உன் தலை சுத்தினா கீழ நாற்பது தலை போகும்.”

“சரி.”

“மென்னு சாப்பிடு. நொறுங்கத் தின்னா நூறு வயசு.”

“எனக்கு நூறு வயசு வேணாம். நூறு கிலோ போதும்.”

எல்லாம் சரி. காலைச் சாப்பாடுதான் இடித்தது.

என் வீட்டுக்காரர் பேக்கரியில் ரொட்டி சுடுகிறவர். மாலை ஐந்து மணிக்கு வேலைக்குப் போனால் விடியற்காலை ஐந்துக்குத்தான் வருவார். நான் ஆறு மணிக்குக் கிளம்பிவிடுவேன். நான் திரும்பி வரும்போது அவர் இருக்க மாட்டார். விடுமுறையும் ஆளுக்கொரு நாள். ஆக, இருபத்திரண்டு வருஷமாக நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துப் பேசியது அந்தக் காலை ஒரு மணி நேரத்தில்தான். அவர் கொண்டுவருகிற சூடு ஆறாத ரொட்டியை நடுவில் வைத்துக்கொண்டு, வெண்ணெய் தடவித் தின்றபடி ஊர்க்கதை எல்லாம் பேசுவோம்.

“நாளையிலேர்ந்து காலையில சாப்பிட மாட்டேங்க,” என்றேன்.

ரொட்டியை அறுத்துக்கொண்டிருந்தவர் கத்தியை நிறுத்தினார். “ரொட்டி சரியில்லையா?”

“ரொட்டிக்கு என்ன? எனக்குத்தான் சரியில்ல.” கயிறு, சக்கரம், உத்தரம் எல்லாவற்றையும் சொன்னேன்.

பொறுமையாகக் கேட்டார். பிறகு, “அடுப்புலேர்ந்து எடுக்கும்போதே உனக்குன்னு ஒண்ணைத் தனியா எடுத்து வெப்பேன். இனிமே அதை யாருக்கு எடுத்து வைக்கிறது?” என்றார்.

பதில் தெரியாதபோது எனக்குக் கோபம் வரும். “பூனைக்கு வைங்க,” என்றேன்.

அவர் தொப்பியைக் கூடக் கழற்றாமல் போய்ப் படுத்துக்கொண்டார்.

முதல் வாரத்தில் எட்டு மணி அடித்த உடனே, பையில் கொண்டுபோன முட்டையைக் கேபினில் உட்கார்ந்தபடி முழுங்கினேன். அடுத்த வாரம் பத்து மணி வரை தாங்கினேன். வீட்டில் காலை நேரம் சுவரோடு உட்கார்ந்திருக்கிற மாதிரி ஆகிவிட்டது. அவர் ரொட்டியை மேஜையில் வைப்பார். அறுக்க மாட்டார். அதையே பார்த்துக்கொண்டிருப்பார். நான் கறுப்புக் காப்பியைக் குடித்துவிட்டு எழுந்து போவேன். நான் போன பிறகு சாப்பிடுவார் என்று நினைத்துக்கொண்டேன்.

மூன்றாவது வாரம்தான் பதினாறு மணி நேரம் ஆரம்பித்தது. முதல் நாள் காலை பத்தரைக்குக் கான்கிரீட் லாரி வரத் தாமதம். கொக்கி சும்மா தொங்குகிறது, செய்ய வேலையில்லை. பசி வந்தால் பத்தும் பறந்து போகும் என்பார்கள். எனக்கு முதலில் பறந்தது வாயின் கட்டுப்பாடு. மடியில் வைத்திருந்த வாக்கி-டாக்கி நழுவி, என் தொடைக்கும் நாற்காலிக் கைப்பிடிக்கும் நடுவே செருகிக்கொண்டதை நான் கவனிக்கவில்லை. பேசுகிற பொத்தான் தொடைப் பக்கம் இருந்தது. அந்தத் தொடை அமுக்கினால் எந்தப் பொத்தானும் எழுந்திருக்காது.

நான் என் வயிற்றோடு பேசிக்கொண்டிருந்தேன்.

“ஒரு சாண் வயிறாம். எவன் அளந்து சொன்னான்? எனக்கு நாலு சாண். கொஞ்சம் சும்மா இரு, இன்னும் ஒன்றரை மணி நேரம்தான். அந்த அளவுகோலை ஒரு நாள் பட்டினி போட்டுப் பார்க்கணும். அவ இடுப்பே என் கட்டைவிரல் அளவுதான், அவளுக்கு என்ன தெரியும்? அது கிடக்கட்டும். எனக்கு பன் வேணாம், வெண்ணெய் வேணாம். காலையில அந்த மனுஷன் என் முகத்தைப் பார்த்து ரெண்டு வார்த்தை பேசினா போதும். ரொட்டியையே பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருக்காரு, ஏதோ அது செத்துப்போன மாதிரி. எடை குறையும், உத்தரத்தைத் தூக்குவேன், எல்லாம் சரி. அந்த ஒரு மணி நேரத்தை எங்க போய்த் தூக்கிட்டு வர்றது?”

கீழே பார்த்தால் தம்பி இரண்டு கைகளையும் தலைக்கு மேல் விரித்து ஆட்டுகிறான். எங்கள் தொழிலில் அது அவசர நிறுத்தம். மற்ற சைகைகளை அவன் ஒருவன்தான் காட்டலாம். இதை மட்டும் யார் காட்டினாலும், தெருவில் போகிறவர் காட்டினாலும், கிரேன் நின்றாக வேண்டும். ஏன் என்று பிறகுதான் கேட்க வேண்டும். ஆனால் நிறுத்துவதற்கு அப்போது என்ன இருக்கிறது? நான் முழிப்பதைப் பார்த்து அவன் தன் வாக்கி-டாக்கியைக் காட்டினான். பிறகு தன் தொடையில் பட்டென்று அடித்துக்கொண்டான்.

மானம் கப்பலேறும் என்பார்கள். என்னுடையது கிரேன் ஏறியது. வாக்கி-டாக்கியைப் பிடுங்கி எடுத்த உடனே அளவுகோலின் குரல் வந்தது.

“மேலக்கா, நாலு நிமிஷம் சேனலை அடைச்சிட்டீங்க. இனிமே வாக்கி-டாக்கி மடியில இருக்கக் கூடாது, கம்பியில மாட்டுங்க. அப்புறம், என் இடுப்பு உங்க கட்டைவிரல் அளவு இல்ல. இப்பத்தான் அளந்து பார்த்தேன்.”

கட்டடம் முழுக்கச் சிரித்தது எழுபது மீட்டர் மேலே எனக்குக் கேட்டது. பன்னிரண்டு ஆனதும் தம்பி, “மணி பன்னிரண்டு, வாளியை இறக்கு அக்கா,” என்றான். நாற்பது பேரும் ஹெல்மெட்டைக் கழற்றிக் கம்பியில் தட்டினார்கள். அன்றிலிருந்து எனக்கு நாற்பது காவல்காரர்கள். யாராவது தெரியாமல் வாளியில் சர்க்கரை டீயை வைத்தால் இன்னொருவர் எடுத்துக் குடித்துவிடுவார்.

தம்பி அதோடு விடவில்லை. அன்று மாலை வீட்டுக்குப் போகிற வழியில் பேக்கரிக்குப் போய், நான் பேசியதை ஒரு வார்த்தை விடாமல் மாமாவிடம் ஒப்பித்திருக்கிறான். மறுநாள் காலை அவர் எனக்குக் காப்பி மட்டும் போட்டுக் கொடுத்தார்.

அன்று பன்னிரண்டு அடிக்க ஐந்து நிமிஷம் இருந்தது. பதினோராம் மாடிக்கு ஒரு கட்டுக் கம்பி போய்க்கொண்டிருந்தது. வேலிக்கு வெளியே, தெருவுக்கு எதிர்ப்பக்கம் இருந்த பெஞ்சின் மேல் ஒரு ஆள் ஏறி நின்று, இரண்டு கைகளையும் தலைக்கு மேல் விரித்து ஆட்டினார்.

நிறுத்தினேன். கம்பிக் கட்டு அந்தரத்தில் நின்றது. பதினோராம் மாடியில் இருந்தவர்கள் அப்படியே உறைந்தார்கள். அளவுகோல் கதவைத் திறந்துகொண்டு தெருவுக்கு ஓடினாள். ஒரு நிமிஷம் கழித்து அவள் குரல் வந்தது.

“ஆபத்து ஒண்ணும் இல்ல, வேலையைத் தொடருங்க. உங்க வீட்டுக்காரர் உங்களைப் பார்த்துக் கை ஆட்டினாராம்.”

அப்போதுதான் அந்த வெள்ளைத் தொப்பி என் கண்ணில் பட்டது. அவருக்கு அது நடுத்தூக்க நேரம். வாளியை ஏற்றிப் பார்த்தால் ஒரு டப்பா. அவித்த பயறு, இரண்டு முட்டை, கீரை, நறுக்கிய வெள்ளரியும் தக்காளியும். ஓரத்தில் முழுக்கோதுமை ரொட்டி ஒரே ஒரு துண்டு, ஒரு விரல் மொத்தம். தொட்டால் சூடு. தூக்கத்தை விட்டு எழுந்து வீட்டு அடுப்பில் சுட்டிருக்கிறார். கீழே அவர் மடியில் இன்னொரு டப்பா. நான் முதல் வாய் வைக்கிறேனா என்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். நான் வைத்தேன். அவரும் வைத்தார்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. சொல்வதில் என்ன வெட்கம்? அழுதுகொண்டே மென்றேன், நர்ஸ் சொன்ன மாதிரி, நொறுங்க நொறுங்க.

அதன் பிறகு தினமும் வந்தார். என் வேலை நாள் ஒன்றைக் கூட விடவில்லை. கை ஆட்டக் கூடாது என்று அளவுகோல் கண்டிப்பாகச் சொல்லிவிட்டதால், தம்பி அவருக்குக் கிரேன் சைகைகளைக் கற்றுக்கொடுக்க ஆரம்பித்தான். ரொட்டி மாவை எத்தனை விதமாகவும் பின்னுகிற கை அது. சைகை மட்டும் வரவே இல்லை. “நல்லா இருக்கா?” என்று கேட்பதற்குப் பதில் “இடப்பக்கம் திரும்பு” என்று காட்டுவார். “போதுமா?” என்பதற்கு “கொக்கியை இறக்கு” என்று வரும். நான் மேலே தனியாக உட்கார்ந்து வயிறு வலிக்கச் சிரிப்பேன்.

அந்த மாதம்தான் உடம்பு பேச்சைக் கேட்க ஆரம்பித்தது. ஏணியில் தட்டுக்குத் தட்டு ஒரு சதுர ஓட்டை உண்டு. அதன் வழியாகத்தான் ஏற வேண்டும். முன்பெல்லாம் மூச்சை வெளியே விட்டு, இடுப்பை ஒரு பக்கம் திருப்பி, திட்டிக்கொண்டேதான் நுழைவேன். ஒரு நாள் பை முதுகில் இருக்கும்போதே நேராக ஏறிவிட்டேன். ஏறிய பிறகுதான் தெரிந்தது. திரும்ப இறங்கி இன்னொரு தடவை ஏறிப் பார்த்தேன். யாரும் பார்க்கவில்லை. இருபது நிமிஷம் ஆகிற ஏணி பதிமூன்று நிமிஷத்தில் முடிந்தது. முட்டி சத்தம் போடவில்லை. பத்தரை மணிப் பசியும் பழகிவிட்டது. வாசலில் வந்து நின்று தட்டும், கதவு திறக்காவிட்டால் போய்விடும். மெஷின் நூற்று எட்டு, நூற்று ஐந்து, நூற்று மூன்று என்று இறங்கியது.

நூற்று இரண்டில் நின்றுவிட்டது. ஏழாவது வாரம் நூற்று இரண்டு. எட்டாவது வாரமும் அதே. ஒன்பதிலும் ஒரு நூல் அசையவில்லை. எனக்கு வந்த கோபத்துக்கு மெஷினை எழுபது மீட்டர் தூக்கிக் கீழே விட்டிருப்பேன். எடுத்தேன் கவிழ்த்தேன் என்று ஒரு முடிவு செய்தேன். பன்னிரண்டு மணிக்கும் சாப்பிடுவதில்லை. வாளியை ஏற்றினேன், டப்பாவைத் திறந்தேன், கையை வாய்க்குக் கொண்டுபோய்க் கொண்டுபோய் எடுத்தேன். எழுபது மீட்டர் கீழே இருந்தவருக்கு என்ன தெரியும்? நான் சாப்பிடுகிறேன் என்று நம்பி அவர் நிம்மதியாகச் சாப்பிட்டுவிட்டுப் போனார்.

ஒன்றரை மணிக்குத் தலை சுற்றியது. கொக்கியில் பலகைக் கட்டு தொங்குகிறது. நர்ஸ் சொன்ன நாற்பது தலையும் கண் முன்னால் வந்தது. மெதுவாக இறக்கித் தரையில் வைத்தேன். வாக்கி-டாக்கியை எடுத்து, “எனக்குத் தலை சுத்துது. மத்தியானம் சாப்பிடல. கிரேனை நிறுத்திட்டேன்,” என்றேன். அவமானமாகத்தான் இருந்தது. ஆனால் சொல்லாமல் இருக்க முடியாது.

அளவுகோல் திட்டுவாள் என்று காத்திருந்தேன். “டப்பா மேலதானே இருக்கு? முழுசா சாப்பிடுங்க. அரை மணி நேரம் யாரும் உங்களைக் கூப்பிட மாட்டாங்க. வேலை எங்கயும் ஓடிடாது,” என்றாள். பிறகு மெதுவாக, “சொன்னதுக்கு நன்றி அக்கா,” என்றாள். அன்றோடு அவளைக் கொக்கியில் மாட்டுகிற ஆசை எனக்குப் போய்விட்டது.

அந்த அரை மணி நேரம் நிதானமாகச் சாப்பிட்டபோதுதான் ரொட்டித் துண்டைச் சரியாகப் பார்த்தேன். பையிலிருந்து அளவு டேப்பை எடுத்து வைத்துப் பார்த்தேன். பாதியைத் தின்றுவிட்டு மீதியைக் காகிதத்தில் சுற்றிக்கொண்டேன்.

மறுநாள் காலை ஐந்து மணிக்கு அதை மேஜையில் வைத்தேன்.

“என்ன இது?” என்று கேட்டேன்.

“ஒரு துண்டு,” என்றார் வீட்டுக்காரர்.

“முதல் நாள் ஒரு விரல் மொத்தம் இருந்துச்சு. இப்ப ரெண்டரை விரல். போதாததுக்கு நடுவுல கீறி வெண்ணெய் வேற.”

“கத்தி கொஞ்சம் சாஞ்சிருக்கும்.”

“தினமுமா சாயும்?”

மாவை ஒரு கிராம் பிசகாமல் நிறுக்கிற மனிதர் அவர். தலையைக் குனிந்துகொண்டார். “உனக்குன்னு அறுக்கும்போது கை என் பேச்சைக் கேட்கமாட்டேங்குது. நான் என்ன பண்ண?”

திட்டத்தான் வாயைத் திறந்தேன். சிரிப்புதான் வந்தது. அவருக்கும் வந்துவிட்டது. எத்தனையோ நாளைக்குப் பிறகு அந்த மேஜையில் இரண்டு பேரும் சேர்ந்து சிரித்தோம். நான் அளவு டேப்பை அவரிடமே கொடுத்துவிட்டேன். அவர் எழுந்து கத்தியையும் டேப்பையும் ஒரே இடத்தில் வைத்தார். அப்போது பார்த்தால் கால்சட்டையை இடுப்பில் மாவு மூட்டைக் கயிற்றால் கட்டியிருக்கிறார்.

“ஒரு பெல்ட் வாங்கக் கூடாதா? பார்க்கிறவங்க என்ன நினைப்பாங்க?”

“வாங்கலாம்,” என்றார்.

வேலைக்கு இறங்கும்போது மாடிப்படியில் எதிர்வீட்டுப் பூனை வழியை அடைத்துப் படுத்திருந்தது. பெருத்துப் போய் நகரக்கூட மனமில்லாமல் கிடந்தது. உனக்கும் ஒரு நர்ஸ் வேண்டும் என்று சொல்லிவிட்டுத் தாண்டிப் போனேன்.

பன்னிரண்டாவது வாரம், அந்த நாள் வந்தது. காலையில் வழக்கம்போல ஏறி வேலை பார்த்தேன். பதினொரு மணிக்கு இரவல் சக்கரத்தைக் கழற்றிக்கொண்டு போக ஆள் வந்துவிட்டதால் என்னைக் கீழே கூப்பிட்டார்கள். சிவப்பு உத்தரம் தரையில் தயாராகக் கிடந்தது. பக்கத்தில் கையுறை மாட்டிக்கொண்டு வேறொரு கிரேன்காரர் நின்றார். பாவம், நல்ல மனிதர்தான், என் முகத்தைப் பார்க்காமல் நின்றார். நாற்பது பேரும் வேலையை விட்டுவிட்டு வந்திருந்தார்கள். வேலிக்கு வெளியே வெள்ளைத் தொப்பி இன்று சீக்கிரமே வந்துவிட்டது.

பூட்ஸ், பெல்ட், ஹெல்மெட்டோடு ஏறினேன். கண்ணை மூடிக்கொண்டேன். பிறகு நானே திறந்தேன்.

நூறு புள்ளி இரண்டு.

“ரெண்டுதானே,” என்றான் தம்பி.

“ரெண்டுதான்,” என்றாள் அளவுகோல். பன்னிரண்டு வாரமாக என்னை அளந்தவள் அந்த நிமிஷம் மெஷினைப் பார்க்காமல் தரையைப் பார்த்தாள். “ஆனா ரெண்டுதானேன்னு கயிறு சொல்லாது.”

அவள் சொன்னது சரிதான். நானே ஒத்துக்கொண்டேன். கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை என்று நினைத்துக்கொண்டு மெஷினிலிருந்து இறங்கினேன். கண்ணில் நீர் நிறைந்ததை மறைக்க ஹெல்மெட்டைச் சரி செய்தேன்.

கூட்டத்துக்குப் பின்னாலிருந்து நர்ஸ் கேட்டாள்.

“காலையிலேர்ந்து எவ்வளவு தண்ணி குடிச்ச?”

“நீ சொன்ன மாதிரிதான். ஒன்றரை லிட்டர்.”

“கழிப்பறைக்குப் போனியா?”

“மேல கேபின்ல எங்கடி போறது?”

“அப்ப போயிட்டு வா,” என்றாள் நர்ஸ்.

ஒரு நிமிஷம் எல்லோரும் அளவுகோலைப் பார்த்தார்கள். அவள் தன் கையிலிருந்த விதிப் புத்தகத்தைப் புரட்டினாள். நிஜமாகவே புரட்டினாள். “அதைப் பத்தி இதுல ஒண்ணும் இல்ல,” என்றாள்.

வேலியோரம் இருந்த மஞ்சள் பிளாஸ்டிக் கழிப்பறைக்கு நான் நடந்தேன். நாற்பது பேரும் ஒதுங்கி வழி விட்டார்கள். உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்ட பிறகு வெளியே ஒரு சத்தம் இல்லை. இடுப்பில் இருந்த வாக்கி-டாக்கியில் தம்பி, “அவசரம் இல்ல அக்கா, பொறுமையா,” என்றான். மேலே எழுபது மீட்டரில் காற்று அடிக்கும்போதுகூட எனக்கு இவ்வளவு பதற்றம் வந்ததில்லை.

திரும்பி வந்து ஏறினேன். இந்தத் தடவை கண்ணை மூடவில்லை.

“தொண்ணூற்று ஒன்பது புள்ளி ஏழு,” என்றாள் அளவுகோல். நம்பாமல் குனிந்து இன்னொரு முறை பார்த்தாள். பிறகு விதிப் புத்தகத்தைக் கீழே போட்டுவிட்டு என்னைக் கட்டிக்கொண்டாள். அவள் கைகள் என்னைச் சுற்றி வந்து பின்னால் ஒன்றையொன்று தொட்டன. ஹெல்மெட்டுகள் கம்பியில் தட்டுகிற சத்தம் தெருக்கோடி வரை போயிருக்கும். கையுறை போட்ட கிரேன்காரர் கையுறையைக் கழற்றிவிட்டுக் கை தட்டினார்.

அன்று ஏணி எப்படி முடிந்தது என்றே தெரியாது. உத்தரத்தைக் கொக்கியில் மாட்டினார்கள். தம்பி கீழே சைகை காட்ட, நான் தூக்கினேன். ஐந்தாம் மாடி, எட்டாம் மாடி. பத்தாம் மாடியை உத்தரம் தாண்டும்போது வேலிக்கு வெளியே, பெஞ்சின் மேல் ஏறி நின்று, இரண்டு கைகளையும் தலைக்கு மேல் விரித்து ஆட்டினார் என் வீட்டுக்காரர். பாவம், சந்தோஷத்தில் எல்லாவற்றையும் மறந்துவிட்டார்.

நிறுத்தினேன். சிவப்பு உத்தரம் அந்தரத்தில் நின்றது. உச்சியில் காத்திருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். இது என்ன என்று எல்லோருக்கும் தெரியும்.

“நிறுத்தம்னா நிறுத்தம்தான், யார் காட்டினாலும்,” என்று வாக்கி-டாக்கியில் அளவுகோல் சொன்னாள். அவள் சிரிப்பை அடக்குவது கேட்டது. “அவரே சொல்லட்டும்.”

தம்பி ஓடிப்போய் அவரிடம் ஏதோ சொன்னான். அவர் பதறிக் கைகளை இறக்கினார். ஒரு கணம் யோசித்தார். பிறகு வலது கையைத் தூக்கி, ஒரு விரலை மேலே நீட்டி, சின்ன வட்டமாகச் சுற்றினார். இடது கையைத் தட்டையாக அதன் மேல் பிடித்தார். மெதுவாகத் தூக்கு என்று அர்த்தம். இத்தனை வாரத்தில் அவர் சரியாகக் காட்டிய முதல் சைகை.

மெதுவாகத் தூக்கினேன். உத்தரம் அதன் இடத்தில் போய் உட்கார்ந்தபோது மணி பன்னிரண்டுக்கு இரண்டு நிமிஷம் இருந்தது. அன்று வாளியை நான் இறக்கவில்லை. நானே இறங்கினேன். வேலியைத் தாண்டி, தெருவைக் கடந்து, அந்தப் பெஞ்சில் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். பகல் வெளிச்சத்தில் அவர் முகத்தை அவ்வளவு பக்கத்தில் பார்த்து எத்தனை நாளாகியிருந்தது. கன்னம் ஒட்டியிருந்தது.

டப்பாக்களைத் திறந்தார். இரண்டிலும் ஒரே சாப்பாடு, ஒரே அளவு. என்னைவிட வேகமாகச் சாப்பிட்டார்.

“என்ன இந்தப் பசி? காலையில சாப்பிடலையா?”

“இல்ல.”

“ஏன், இன்னைக்கு ரொட்டி இல்லையா?”

“இன்னைக்குன்னு இல்ல. நீ நிறுத்தின நாள்லேர்ந்து நானும் சாப்பிடல.”

“அப்ப தினமும் கொண்டு வந்தீங்களே, அந்த ரொட்டியெல்லாம்?”

“பூனைக்கு வெச்சேன். நீதானே சொன்ன.”

மாடிப்படியில் கிடந்த பூனை நினைவுக்கு வந்தது. இடுப்பில் இருந்த மூட்டைக் கயிறும் நினைவுக்கு வந்தது. கையை நீட்டி அந்தக் கயிற்றைப் பிடித்துப் பார்த்தேன். முடிச்சுக்கு அப்பால் ஒரு முழம் தொங்கியது.

“ஏங்க இப்படிப் பண்ணீங்க? யார் உங்களைச் சாப்பிட வேணாம்னு சொன்னது?”

“யாரும் சொல்லல.” அவர் மென்று விழுங்கிவிட்டுச் சொன்னார். “எதிர்ல நீ இல்லாம எனக்கு இறங்கல. அதான் பன்னிரண்டு மணிவரைக்கும் பொறுத்துக்கிட்டேன்.”

என் ரொட்டித் துண்டை எடுத்துப் பார்த்தேன். சரியாக ஒரு விரல் மொத்தம்தான் இருந்தது. அதில் பாதியைப் பிய்த்து அவர் டப்பாவில் வைத்தேன்.